‘முதுகெலும்பில் ஊசி போடுவார்களாமே, டாக்டர்?’

கேள்வி: எனக்கு 25 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு முகாமில் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டு, எலும்பு மஜ்ஜை கொடையாளராக என் பெயரைப் பதிந்தார்கள். அதை மறந்தே போயிருந்தேன். போன வாரம் பதிவகத்திலிருந்து போன் வந்தது. ரத்தப் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு என் செல்கள் பொருந்தும்போல் இருக்கிறது, இன்னொரு ரத்தப் பரிசோதனைக்குத் தயாரா என்று கேட்டார்கள். சரி என்றுவிட்டேன். வீட்டில் சொன்னதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். முதுகெலும்பில் ஊசி போட்டால் இடுப்பு விளங்காமல் போய்விடும், பிள்ளையும் பிறக்காது என்கிறார் பெரியம்மா. எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் ரத்தம் ஓ பாசிட்டிவ், அதனால்தான் பொருந்தியதா? உண்மையில் என்ன செய்வார்கள்? இப்போது வேண்டாம் என்று சொன்னால் தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

பதிவகத்துக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதிலுக்கு இதழ் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், சுருக்கமாக ஒரு பதிலை முன்பே அனுப்பிவிட்டேன். இது விரிவான பதில். உங்கள் அம்மாவும் பெரியம்மாவும் படிக்கட்டும் என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இப்போது வேண்டாம் என்று சொன்னால் தவறே இல்லை. உங்களுக்கு வந்திருப்பது ‘பொருந்தலாம்’ என்ற செய்திதான். இனிமேல் எடுக்கப்போகும் ரத்தத்தில் இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பார்கள். உங்களோடு இன்னும் ஓரிருவரையும் சேர்த்தே பரிசோதிக்கலாம். அப்புறம் அந்த நோயாளியின் மருத்துவர் யாரைத் தேர்ந்தெடுக்கிறாரோ அவருக்குத்தான் அடுத்த போன். இந்தக் கட்டத்தில் நீங்கள் மறுத்தால் தேடல் அடுத்தவரிடம் போகும், அவ்வளவுதான்.

மறுக்கவே கூடாத கட்டம் ஒன்று இருக்கிறது. கொடையாளரின் செல்களை ஏற்றும் மாற்று சிகிச்சைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு, நோயாளிக்கு மிகக் கடுமையான கீமோ மருந்தைக் கொடுக்கத் தொடங்குவார்கள். சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. நோயோடு சேர்த்து அவருடைய பழைய மஜ்ஜையும் அதில் அழிந்துவிடும். அதன் பிறகு அவர் உடம்பால் சொந்தமாக ரத்தம் உற்பத்தி செய்ய முடியாது. உங்கள் செல்கள் வந்து சேர்ந்தால்தான் உண்டு. அந்த வாரத்தில் கொடையாளர் பின்வாங்கினால் அவர் பிழைப்பதே கடினம். கையெழுத்து வாங்கும்போது இதை உங்களுக்கு விளக்கிச் சொல்வார்கள். சட்டப்படி அப்போதும் உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் உங்கள் தயக்கம் எதுவானாலும் அதற்கு முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி நடந்தது. எல்லாப் பரிசோதனையும் முடிந்து, தேதியும் குறித்தாகிவிட்டது. கொடையாளர் நல்ல பையன், ஆர்வமாகத்தான் இருந்தான். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. மருத்துவமனையில் தங்கப் பை அடுக்கும்போது தாய்மாமா பார்த்துக் கேட்டிருக்கிறார். அன்று இரவே போனை அணைத்துவிட்டான். நோயாளிக்கு மருந்து தொடங்க இரண்டு நாள் இருந்தது, அதனால் தப்பித்தது. பையன் மேல் எங்கள் ஆட்களுக்குக் கோபமான கோபம். எனக்கு எங்கள் மேல்தான் கோபம் வந்தது. உடம்பை அத்தனை விதமாகப் பரிசோதித்தோமே, வீட்டில் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டோமா? அதிலிருந்து என்னிடம் வரும் கொடையாளர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘வீட்டில் யாருக்குத் தெரியும்?’ என்பதுதான். நீங்கள் முதல் போன் வந்தவுடனேயே வீட்டில் சொல்லிவிட்டீர்கள். அம்மாவின் அழுகையைத் தாண்டி யோசித்துப் பார்த்தால், அது நல்ல காரியம்.

சரி, பெரியம்மாவின் பயத்துக்கு வருவோம்.

ஆட்டுக்கால் எலும்பைத் தட்டி, நல்லி எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்டிருப்பீர்கள். உள்ளே குழைவாக வருகிறதே, அதுதான் மஜ்ஜை. முதுகெலும்புக்கு நடுவில் கயிறு மாதிரி இறங்குகிற தண்டுவடம் வேறு. அது நரம்பு. அதில் அடிபட்டால் கால் விளங்காமல் போகலாம் என்பது உண்மை. மஜ்ஜை எடுக்கும்போது அதன் பக்கம் யாரும் போவதே இல்லை. பெரியவர்களுக்கு ரத்தம் ஊறும் சிவப்பு மஜ்ஜை நிறைய இருப்பது இடுப்பெலும்பில். புடவை கட்டும்போது பின்பக்கம் கையில் தட்டுப்படும் மேட்டெலும்பு அது. முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பது மூளைக்காய்ச்சலுக்குச் செய்யும் பரிசோதனை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் முக்கால்வாசி பயம் பிறக்கிறது.

பிள்ளை பிறக்காது என்ற பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. சித்த மருத்துவத்தில் உடல் தாதுக்கள் ஏழு: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, கடைசியில் சுக்கிலம் அல்லது சுரோணிதம். இங்கே ‘மூளை’ என்பது தலைக்குள் இருப்பதைச் சொல்லவில்லை, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைத்தான் சொல்கிறது. ஒரு தாதுவிலிருந்து அடுத்தது ஊறுகிறது என்பது அந்தக் கணக்கு. மஜ்ஜையை அடுத்து வருவதே பிள்ளைப்பேற்றுக்கான தாது. அப்படியென்றால் மஜ்ஜையை எடுத்தால் பிள்ளைப்பேறு போய்விடும் என்று நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறதல்லவா? பெரியம்மா எதையோ உளறவில்லை. பழைய கணக்கைச் சொல்கிறார். ஆனால் சினைமுட்டை மஜ்ஜையிலிருந்து ஊறுவதில்லை என்பதை இன்று நாம் அறிவோம். கொடுத்த மஜ்ஜையும் நான்கு முதல் ஆறு வாரத்தில் திரும்ப ஊறிவிடும். கொடை தந்த பிறகு திருமணமாகிப் பிள்ளை பெற்ற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் கொடை தர முடியாது. கர்ப்பமில்லை என்று பரிசோதித்த பிறகுதான் ஊசியே போடுவார்கள். திருமணமாகாத பெண்ணிடமும் அந்தப் பரிசோதனையைச் செய்வார்கள். அது எல்லாருக்கும் பொதுவான விதி, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாமல் விட்டு, அங்கே போய் ஓர் அம்மாவின் முகம் மாறியதை ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

உண்மையில் என்ன செய்வார்கள் என்று கேட்டீர்களே. வழி இரண்டு. இன்று பெரும்பாலும் நடப்பது ஊசி போட்டு, கை ரத்தத்திலிருந்து எடுப்பதுதான். இடுப்பெலும்பைத் தொடவே மாட்டார்கள். நமக்குத் தேவைப்படுவது மஜ்ஜைக்குள் இருக்கும் ஸ்டெம் செல்கள். தமிழில் குருத்தணு என்றும் எழுதுகிறோம். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் இவற்றிலிருந்துதான் பிறக்கின்றன. இவை பெரும்பாலும் எலும்புக்குள்ளேயே குடியிருக்கும். ஜி.சி.எஸ்.எஃப். என்ற மருந்தை நான்கைந்து நாள் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால், அவை பெருகி ரத்தத்துக்குள் இறங்கி வரும். வயிற்றிலோ கையிலோ, இன்சுலின் போடுவதுபோலச் சின்ன ஊசிதான். ஆனால் இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பு வலிக்கும். காய்ச்சல் வருவதற்கு முந்தைய நாள் இருக்குமே, அந்த மாதிரி. இடுப்பிலும் முதுகிலும் எலும்புக்குள் விண்விண் என்று தெறிக்கும், தலை வலிக்கும், தூக்கம் சரியாக வராது. எலும்புக்குள் செல்கள் பெருகுகின்றன, அதனால்தான் இந்த வலி. பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். ஊசி நின்ற ஓரிரு நாளில் இதுவும் போய்விடும். அந்த நாட்களில் கணக்கு வேலைக்குப் போக முடியும். மூட்டை தூக்கும் வேலையென்றால் நான் விடமாட்டேன். இந்த மருந்து மண்ணீரலைக் கொஞ்சம் வீங்க வைக்கும். அதில் அடிபட்டு ஆபத்தாவது மிக மிக அரிது, என்றாலும் ஓட்டம், பளு தூக்குதல், கபடி எல்லாம் அந்த ஒரு வாரம் வேண்டாம். இடது பக்க மேல்வயிற்றில் திடீரென்று கடுமையாக வலித்தால் ராத்திரியானாலும் அவர்கள் தந்த எண்ணுக்கு போன் செய்ய வேண்டும்.

ஐந்தாம் நாள் மருத்துவமனை. ஒரு கையில் ஊசி, இன்னொரு கையிலும் ஊசி. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகும். அது சுழற்றி, ஸ்டெம் செல் இருக்கும் அடுக்கை மட்டும் பிரித்துப் பைக்குள் விட்டுவிட்டு, மிச்சத்தை மறு கை வழியாக உங்களுக்கே திருப்பித் தரும். எந்த நேரத்திலும் உடம்புக்கு வெளியே இருப்பது ஒரு டம்ளர் அளவு ரத்தம்தான். இப்படி நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஓடும். சில பேருக்கு மறுநாளும் ஒரு தடவை உட்கார வேண்டி வரும். கை ரத்தநாளம் மெலிதாக இருந்தால் வேறு பெரிய ரத்தநாளத்தில் குழாய் போட வேண்டியிருக்கலாம். உங்கள் ரத்தநாளம் எப்படி என்று பரிசோதனை நாளிலேயே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அந்த ஆறு மணி நேரத்தில் பெரிய தொல்லை வலியே இல்லை, மூக்கு அரிப்பதுதான். இரண்டு கையையும் மடக்கக் கூடாது, சரியாக அப்போதுதான் மூக்கு அரிக்கும். பக்கத்தில் இருப்பவர்தான் சொறிந்துவிட வேண்டும். அதற்காகவாவது அம்மாவை அழைத்துப் போங்கள். உட்காரும் முன் பாத்ரூம் போய்விடுங்கள், தோளுக்கு மேல் எளிதாக ஏறும் தளர்ந்த கை வைத்த உடை போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் உதட்டைச் சுற்றி, விரல் நுனியில், எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். ரத்தம் உறையாமலிருக்க இயந்திரத்தில் சேர்க்கும் திரவம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. சொன்னால் கால்சியம் தருவார்கள், அடங்கிவிடும். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது நம் ஊர்ப் பெண்களின் வழக்கம், அது இங்கே உதவாது. கடைசியில் பையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தக்காளிச் சாறு நிறத்தில் கொஞ்சம்போல இருக்கும். இவ்வளவுதானா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

இரண்டாவது வழிதான் மஜ்ஜையை நேராக எடுப்பது. சில நோய்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, மருத்துவர்கள் இதைக் கேட்பதுண்டு. மயக்க மருந்து கொடுத்துக் குப்புறப் படுக்க வைத்து, அந்தப் பின்பக்க இடுப்பெலும்பில் ஊசியால் எடுப்பார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். வெட்டுவதும் இல்லை, எலும்புத் துண்டு எதையும் எடுப்பதும் இல்லை. எடுக்கும் அளவு உங்கள் எடையில் கிலோவுக்கு 20 மில்லி என்ற வரம்பைத் தாண்டாது. 50 கிலோ என்றால் அதிகபட்சம் ஒரு லிட்டர். வழுக்கி உட்கார்ந்து விழுந்ததுபோல் ஒரு வாரம் பத்து நாள் இடுப்பு நோகும், களைப்பு இருக்கும், இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். மயக்க மருந்துக்கென்று உள்ள சிறிய ஆபத்து இதிலும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எந்த வழி வேண்டும் என்பதை நோயாளியின் மருத்துவர் சொல்வார். ஒப்புக்கொள்வதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஓ பாசிட்டிவ் என்பதால் பொருந்தவில்லை. இதில் ரத்த வகை முக்கியமே இல்லை, வகை வேறாக இருந்தாலும் கொடுக்கலாம். பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற அடையாளத்தை. நம் செல் எது, அந்நியம் எது என்று உடம்பு இனம்காணும் குறி அது. பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருகிறது. அதனால் கூடப் பிறந்த ஒருவருக்கு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு பங்குதான் வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களில் பெற்றோரோ ஒன்றுவிட்ட உறவினரோகூடப் பொருந்திவிடுவதுண்டு. சொந்தத்தில் கட்டுவதால் வரும் மரபு நோய்களைப் பற்றி இதே பக்கத்தில் நான் திட்டி எழுதியிருக்கிறேன், இந்த ஓர் இடத்தில் மட்டும் அது கைகொடுக்கிறது. வீட்டில் யாரும் பொருந்தாதபோதுதான் பதிவகத்தைத் தேடுவார்கள். இந்த அடையாளங்கள் மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடுவதால், நம் ஊர் நோயாளிக்கு நம் ஊர்க்காரர்தான் பொருந்த வாய்ப்பு அதிகம். உலகம் முழுக்க 4 கோடிக்கும் அதிகமானோர் பதிந்திருக்கிறார்கள், அதில் இந்தியர்கள் மிகக் குறைவு. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்கள் ஊர் ஊராக முகாம் போடுவது இதனால்தான்.

முன்பின் தெரியாதவருக்கு மஜ்ஜை கொடுப்பது ஒன்றும் நேற்று தொடங்கியதல்ல. 1958இல் யூகோஸ்லாவியாவின் வின்சா அணு ஆய்வு நிலையத்தில் கதிர்வீச்சு விபத்து நடந்தது. பாதிக்கப்பட்டவர்களைப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர் ஜார்ஜ் மத்தே கேட்டதும் பிரெஞ்சுக்காரர்கள் சிலர் தங்கள் மஜ்ஜையைக் கொடுத்தார்கள். எச்.எல்.ஏ. பொருத்தம் பார்க்கும் முறையே அப்போது இல்லை, யார் பேரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மஜ்ஜை பெற்ற ஐவரில் நால்வர் பிழைத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986இல் இந்தச் சிகிச்சை தொடங்கியது. உங்கள் பெரியம்மாவுக்கு வேலூர் பெயர் சொன்னால் கொஞ்சம் தைரியம் வரும் என்று நினைக்கிறேன். என் அனுபவத்தில் பலருக்கும் வருகிறது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அம்மா கேட்பார். உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. பரிசோதனை, ஊசி, பயணம், கூட வருபவர் தங்குவது எல்லாம் நோயாளியின் சிகிச்சைச் செலவில் சேர்ந்துவிடும். பதிலுக்கு உங்களுக்கும் பணம் எதுவும் கிடையாது. கம்பெனியில் ஒரு வார விடுப்பு சொல்லி வையுங்கள், பெரும்பாலும் அவ்வளவு தேவைப்படாது. அதற்கு முன் ஒரு முழு உடல் பரிசோதனை இருக்கும். அதில் உங்களுக்குத் தெரியாத ஏதாவது குறை தெரிந்தால், கொடை நின்றுபோகும். ஆனால் அதைத் தெரிந்துகொண்டது உங்களுக்கு லாபம்தான். கொடுத்த பிறகும் சில வருடம் அவ்வப்போது போன் செய்து விசாரிப்பார்கள், ரத்தம் பார்ப்பார்கள். இந்த ஊசியால் பின்னாளில் கொடையாளருக்கே ரத்தப் புற்றுநோய் வருமோ என்ற கேள்வி ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே இருந்தது. பல ஆயிரம் கொடையாளர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில், மற்றவர்களைவிட இவர்களுக்கு அது கூடுதலாக வரவில்லை. அரிதாக, அதே நோயாளிக்காக இரண்டாவது முறையும் கேட்பார்கள். அப்போதும் முடிவு உங்களுடையதே.

வரன் விஷயம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லியே தீர வேண்டிய அவசியம் ஏதுமில்லை. ரத்ததானம் செய்ததைச் சொல்லிக்கொண்டா இருக்கிறோம்? நீங்களாகச் சொல்ல விரும்பினால் சொல்லுங்கள். அதைக் கேட்டு அந்த வீட்டார் என்ன முகம் காட்டுகிறார்கள் என்பதும் உங்களுக்கு உதவும் தகவல்தான். வரப்போகிறவருக்கு மட்டும் ஒரு நாள் சொல்லிவிடுவது நல்லது, பதிவகத்திலிருந்து போன் வரும்போது யார் என்று அவர் குழம்ப வேண்டாம்.

யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று இப்போது சொல்ல மாட்டார்கள். வயது, ஆணா பெண்ணா, என்ன நோய் என்ற அளவில் தெரியலாம். ஒரு வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சம்மதித்தால் சந்திக்க வழியுண்டு. நீங்கள் கொடுத்த பை, குளிர்பெட்டிக்குள், ஓர் ஆள் கையிலேயே அந்த மருத்துவமனைக்குப் போகும். 72 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். அங்கே அறுவை சிகிச்சை எதுவும் கிடையாது, ரத்தம் ஏற்றுவதுபோல ரத்தநாளத்தில் ஏற்றுவார்கள். உங்கள் செல்கள் தாமாகவே வழி கண்டுபிடித்து அவர் எலும்புக்குள் போய்க் குடியேறும். இரண்டு மூன்று வாரத்தில் புது ரத்தம் ஊறத் தொடங்கும். அவர் ஏ குரூப்பாகவோ பி குரூப்பாகவோ இருந்தால், சில மாதங்களில் அவரும் ஓ பாசிட்டிவ் ஆகிவிடுவார்.

அடுத்த போன் வரும்போது, ‘மருத்துவரிடம் பேச அம்மாவையும் அழைத்து வரலாமா’ என்று கேளுங்கள். தாராளமாக வரலாம். பெரியம்மாவுக்கும் வர ஆசையிருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்கப்போகும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள், அங்கே போனதும் பாதி மறந்துபோகும். இடுப்பெலும்பு எது, தண்டுவடம் எது என்று படம் காட்டி விளக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால் அன்றைக்கே, அங்கேயே சொல்லிவிட்டு வாருங்கள்.